கிலோமீட்டருக்குப் பயந்து கார் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் வீடு, தருமபுரி, நாமக்கல், ஈரோடு, பெருந்துறை என்று வேலை. இப்படித் தினமும் நான்குவழிச் சாலையில் போய்வருகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பஸ்ஸில் நின்று அலுத்து, மூன்று, மூன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய கார் தேடி இவர்கள் கன்சல்டிங் கடைக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். ஒன்றேகால் லட்சம் என்றால் முகம் சுருங்குகிறது. 55,000 என்றால் அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கை மாறுகிறது. மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் தொழிலுக்குச் சோறு போடுவது இந்தப் பயம்தான். நெடுஞ்சாலைக்கென்று கார் எடுப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒர்க்‌ஷாப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நான்குவழிச் சாலையில் ஓடும் கிலோமீட்டர் இன்ஜினுக்கு லேசான கிலோமீட்டர். டாப் கியரில், ஒரே சீரான சுழற்சியில், சரியான சூட்டில் ஓடுகிறது. கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் வேலை குறைவு. அதே வண்டி ஐந்து ரோட்டிலிருந்து பழைய பஸ் நிலையத்துக்கும், அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கும் மூன்று நான்கு கிலோமீட்டராக ஓடினால், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைக்கப்பட்டுவிடும். ஆயிலில் ஈரமும் கரியும் சேரும், அரைக் கிளட்ச்சிலேயே பாதிப் பயணம் போகும். ஏற்காடு வண்டி இன்னொரு ரகம். "எஸ்டேட் வண்டி, அம்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பார்கள். அந்த ஐம்பதாயிரம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் ஏறி, பிரேக்கை மிதித்தே இறங்கிய கிலோமீட்டர் அது. கிளட்ச் பிளேட், பிரேக் டிஸ்க், முன் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பும்போதும் அதைச் சுழல வைக்கும் மூட்டு) மூன்றும் தேய்ந்திருக்கும். காலியிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். "டக் டக்" என்று சத்தம் வந்தால் ஜாயின்ட் போய்விட்டது.

மீட்டர் உண்மையா என்று பார்க்க வழி உண்டு. கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டியானால், தேதியும் கிலோமீட்டரும் அங்கே பதிவாகியிருக்கும். விற்பவரையே கூட்டிக்கொண்டு போய் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். வர மறுத்தால் அதுவே பதில். வெளியே சர்வீஸ் பார்த்த வண்டி என்றால் பழைய பில்கள், ஆயில் மாற்றும்போது ஒட்டும் ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பாருங்கள். 50,000 ஓடிய காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. ஸ்டியரிங்கின் வலது மேல்பாகம் பளபளக்காது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு அமுங்கியிருக்காது. பில்களோடு நிற்கும் 1,30,000 கிலோமீட்டர் வண்டியை, பில் இல்லாத 55,000 கிலோமீட்டர் வண்டியை விட நான் எப்போதும் மேலே வைப்பேன்.

அடுத்து பெட்ரோலா, டீசலா? சேலம் – ஈரோடு போய்வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 3,250, ஆண்டுக்கு 39,000. கணக்குக்காகப் பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 16 தரும் பெட்ரோல் காருக்கு மாதம் 20,300 ரூபாய் ஆகும். 20 தரும் டீசல் காருக்கு 14,950 ரூபாய். மாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம், ஆண்டுக்கு 64,000. இந்த ஓட்டத்துக்கு டீசல் எடுப்பது நியாயம். ஆனால் மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் பெங்களூரு போய், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் 1,650 ரூபாய்தான். பழைய டீசலில் ஒரு இன்ஜெக்டர் அல்லது டர்போ வேலை வந்தால் ஒரு வருட மிச்சமும் அதில் போய்விடும். அவர் பெட்ரோலே எடுக்கலாம்.

பெட்ரோல் எடுப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் சற்று இறங்கத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களின் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் பெரும்பாலும் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்தவை அல்ல. எனவே டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோல் ஹோஸைத் தடவிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் வாங்கிய உடனே மாற்றுங்கள்.

கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், அது ஏறியிருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைச் சான்று வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இனி இன்ஜின். டீசலில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட், மான்ஸா, புன்டோ எல்லாவற்றிலும் இருப்பது ஃபியட்டிடமிருந்து வந்த ஒரே 1,248 சி.சி. இன்ஜின். ஸ்பேர் எங்கும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்தவர்கள் சங்ககிரி வரை உண்டு. இதில் இருப்பது டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் நேரம் பிசகாமல் இயங்க வைக்கும் சங்கிலி. செயின் அறுவது அபூர்வம், ஆனால் ஆயிலைத் தள்ளிப்போட்டு மாற்றிய வண்டியில் நீண்டு தளர்ந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி "கடகட"வென்று அடித்துவிட்டு அடங்கினால் சந்தேகப்படுங்கள். இந்த இன்ஜினுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் ஆயில் போதும், ஆனால் அது கையேட்டில் சொன்ன மெல்லிய சிந்தடிக் ஆயிலாக இருக்க வேண்டும். லாரி ஊர் ஆகையால், லாரிக்கு ஊற்றிய கேனில் மிஞ்சியதை காருக்கும் ஊற்றும் பழக்கம் இங்கே இருக்கிறது. கெட்டி ஆயில் டர்போவுக்கும் செயின் டென்ஷனருக்கும் குளிர்ந்த ஸ்டார்ட்டில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். தேய்மானம் நடப்பது அந்தச் சில நொடிகளில்தான்.

ஃபோர்டு ஃபிகோ, ஃபியஸ்டா டீசல், ரெனோ டஸ்டர், நிஸான் சன்னி டீசல், போலோ டீசல் ஆகியவற்றில் அதே வேலையைச் செய்வது டைமிங் பெல்ட். நல்ல இன்ஜின்கள்தான். விலையும் குறைவு, குறிப்பாக ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு. ஆனால் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். ஹெட் முழுக்கப் பிரிக்க வேண்டும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, ஆண்டுக் கணக்கும் உண்டு. எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். "போன வருசம்தான் மாத்தினேன்" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். வாட்டர் பம்ப்பை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால், பம்ப் ஒழுகும் நாளில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்ரோலில் ஹோண்டா சிட்டி 1.5, டொயோட்டா எட்டியாஸ் 1.5 இரண்டும் நான்குவழிச் சாலைக்குப் பொருத்தமானவை, இரண்டிலும் செயின். எட்டியாஸ் பார்த்தால் டாக்ஸியாக ஓடியதா என்று தேடுங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றினால் அடியில் மஞ்சள் பெயின்ட் மிச்சம் தெரியலாம். சில வண்டிகளில் 80-ல் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ அதன் ஒயரோ அப்படியே கிடக்கும். டாக்ஸி வண்டி கெட்ட வண்டி என்று சொல்லவில்லை, டாக்ஸி விலை கொடுங்கள் என்கிறேன். ஆல்டோ போன்ற சின்ன கார்கள் ஊருக்குள் தங்கம். ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றின் இன்ஜின் 3,000-க்கு மேல் சுழலும். 12 அங்குலச் சக்கரம், லேசான உடம்பு. ஆம்னி பஸ் ஒன்று பக்கத்தில் கடந்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தினம் 130 கிலோமீட்டருக்கு அது வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு நோய் உண்டு: ரேடியேட்டரில் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த இந்தத் தண்ணீர், குக்கர் அடியில் படிவது போல, ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்து வெப்பத்தை வெளியே விடாது. ஊருக்குள் ஓடும்போது தெரியாது, ஏ.சி. போட்டு முழு லோடில் மேடு ஏறும்போது தெரியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று தெளிவாக இருக்க வேண்டும். காவி நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே துரு. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கலாம்.

இதில் இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. சூடு ஏறும் வண்டியில் காரணத்தைத் தேடாமல், இன்ஜின் சூட்டைச் சரியான அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள், அல்லது ஃபேனை நேரடியாக இக்னிஷனில் இணைத்துவிடுவார்கள். சாவி திருகிய உடனே, ஏ.சி. போடாமலே ரேடியேட்டர் ஃபேன் சுழன்றால் அது நேரடி இணைப்பு. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியின் அடையாளம் நெடுஞ்சாலையில்தான் தெரியும்: 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்க அடிக்க, வெப்ப முள் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். முள் இறங்குவதைப் பார்த்து "வண்டி கூலா ஓடுது" என்று மகிழ்பவர்கள் உண்டு. சூடேறாத இன்ஜின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் வேகமாகத் தேயும்.

ஆகவே டெஸ்ட் டிரைவ் என்று கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு வருவதில் பயனில்லை. முதலில், நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். போனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டீசலில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது.

பிறகு வண்டியைக் கருப்பூர் சுங்கச்சாவடி தாண்டி, ஓமலூர், தீவட்டிப்பட்டி வழியாகத் தொப்பூர் வரை ஓட்டுங்கள். டோலும் டீசலும் உங்கள் செலவு, அதற்குத் தயங்காதீர்கள். சமதளத்தில் 80-லிருந்து 100 வரை ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ், அல்லது வளைந்த ரிம். "ஊ" என்ற சத்தம் வேகத்தோடு கூடி, லேன் மாறும்போது குறைந்தும் கூடியும் கேட்டால் வீல் பேரிங். நான்காம் கியரில் 50-லிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. தொப்பூர் ஏற்றத்தில் ஏ.சி.யோடு ஏறி, வெப்ப முள்ளைப் பாருங்கள். முள் அசையக் கூடாது. டர்போ டீசல் 2,000 சுழற்சிக்கு மேலும் மந்தமாக இழுத்து, பின்னால் கரும்புகை விட்டால் டர்போ ஹோஸில் ஓட்டை, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைப்பு, அல்லது டர்போவே தேய்வு. மூன்றில் ஹோஸ்தான் மலிவு. விற்பவர் மூன்றுக்கும் "ஹோஸ்தான்" என்பார்.

திரும்பும்போது தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிய இறக்கம் இருக்கிறதே, அதுதான் பிரேக்குக்குப் பரீட்சை. லாரிகள் கட்டுப்பாடு இழக்கும் இறக்கமும் அதுதான், எனவே அங்கே விளையாட்டு வேண்டாம். மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டே அளவாகப் பிரேக் கொடுங்கள். பெடல் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. போகப் போகப் பெடல் மெத்தென்று உள்ளே போனால் உடனே ஓரம் கட்டுங்கள்: பிரேக் ஆயில் பழசு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும், சூட்டில் ஆவிக் குமிழி உண்டாகும், மிதித்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இதைப் பெரும்பாலான பழைய கார்களில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும்.

டயரைப் பள்ளத்தை மட்டும் பார்த்து எடை போடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆறு வயது தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும், சேலத்து மே மாதத் தாரில் தினம் இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கு ஆகாது. ஸ்டெப்னியையும் பாருங்கள். 14 அங்குல டயர் நான்கு மாற்றினால் 20,000 ரூபாயை நெருங்கும். பேரத்தில் இது பெரிய துருப்புச் சீட்டு.

திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்; டிரைவர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய வண்டியில் இவை டாப் வேரியன்டில் மட்டுமே இருக்கலாம். அலாய் வீல், டச் ஸ்கிரீனுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை இதற்குக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம். பல்பைக் கழற்றி மறைத்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015-லும் 2023 டிசம்பரிலும் மூழ்கியவை எல்லாம் அங்கேயே இருந்துவிடவில்லை. முன் கண்ணாடி, கதவுக் கண்ணாடிகளின் தயாரிப்பு ஆண்டுக் குறி ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஃபெண்டர் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தால் டின்கரிங் நடந்திருக்கிறது. ஃபெண்டர் போனால் போகட்டும். ஏப்ரன் (போனெட்டுக்குள் சக்கரத்தின் மேலே உள்ள தகடு), சேஸிஸ் பகுதியில் வெல்டிங் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதத்தில் சறுக்குபவர்கள்தான் அதிகம். அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, காப்பீடு, நிலுவை அபராதம் எல்லாம் பாருங்கள். கடன் இருந்தது என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யில் கடனை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உள்மாநில வண்டியை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். "ஓப்பன் ஃபார்ம்ல கையெழுத்து இருக்கு, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்பதை ஏற்காதீர்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நோ கிளைம் போனஸ் பழைய ஓனருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. கே.ஏ. நம்பர் வண்டி ஓசூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், படிவம் 28 என்.ஓ.சி., தமிழ்நாட்டு ஆயுள் வரி இரண்டையும் விலையில் கூட்டிப் பாருங்கள். மலிவு பெரும்பாலும் அங்கே கரைந்துவிடும். 15 ஆண்டை நெருங்கும் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்ட வேண்டும். பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை அவரைக்கொண்டே மூடச் செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் புதியது கிடைக்காது. 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 200 தடவை சுங்கச்சாவடி கடப்பதற்கு மட்டுமே. போக ஒன்று, வர ஒன்று என்று ஒரே சாவடி இருந்தாலும் 100 வேலை நாளில் தீர்ந்துவிடும்.

கையில் 3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மிச்சம் முதல் மாத வேலைக்கு: ஆயில், நான்கு ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட், தேவையானால் டயர், மங்கிய ஹெட்லைட்டுக்கு பாலிஷ். அதன்பின் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்றால், உங்கள் ஓட்டத்தில் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. "வருசத்துக்கு ஒரு சர்வீஸ்" என்ற ஊர் வழக்கம் இந்த ஓட்டத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். பழைய வாகனம் விற்கும் டீலர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், தங்களிடம் வரும் வண்டியை படிவம் 29சி மூலம் பதிய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சேலத்தில் அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லி உங்கள் நாளிதழ் கேட்க வேண்டும். இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. வரி விளம்பரங்களில் "சூப்பர் கண்டிஷன், சிங்கிள் ஓனர்" என்பதோடு, பதிவான மாதமும் ஆண்டும், கடைசி சர்வீஸ் பில்லில் உள்ள தேதியும் கிலோமீட்டரும் கொடுக்காத கார் விளம்பரத்தை வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்ப்பவர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7.